எஞ்சின் மாற்றிய பழைய காருக்கு மனிபோல்ட் பூட்டுதல்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஓடக்கூடிய பழைய காரொன்று சொகுசுப் பொருளன்று. சந்தைக்கு மூடை ஏற்றவும், நடுச்சாமத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும் அதுவே துணை. எனவே அதன் பராமரிப்பையும் நாம் கற்றுக்கொள்வோம்.

மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1952இலிருந்து அதில் 803 சி.சி. எஞ்சினும், 1956இலிருந்து 948 சி.சி. எஞ்சினும், 1962இலிருந்து 1098 சி.சி. எஞ்சினும் பூட்டப்பட்டன. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் தேய்ந்த சிறிய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரியதை வைப்பார்கள். எஞ்சின் இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணி, மனிபோல்டை அவசரமாகப் பூட்டுகிறவர்கள் பலர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகமே எக்ஸோஸ்ற் மனிபோல்ட். இந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் வாய்கள் இரண்டு, புகை வாய்கள் மூன்று; எல்லாம் ஒரே பக்கத்தில் உள்ளன. 1990களில் பெற்றோல் தடையின்போது வடக்கில் இத்தகைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாம் மறக்கவில்லை. மண்ணெண்ணெய் ஆவியாக உதவிய சூடு இந்த மனிபோல்டிலிருந்தே கிடைத்தது.

பூட்டும் முறை:

1. பழைய காஸ்கெற்றை முழுவதும் சுரண்டி எடுங்கள். வாய்களில் துணி அடைத்திருந்தால் எண்ணி அடைத்து, எண்ணி எடுங்கள்.

2. புதிய காஸ்கெற்றை முதலில் ஹெட்டிலும் பின்னர் மனிபோல்டிலும் வைத்து, துவாரங்கள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். தோற்றம் ஒன்றென்பதால் அளவும் ஒன்றென்று நம்பக்கூடாது.

3. மனிபோல்டின் முகத்தில் இரும்பு அடிமட்டத்தை நிமிர்த்தி வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. கடைசற் பட்டறையில் சீவித் தட்டையாக்க வேண்டும்.

4. எல்லா நட்டுகளையும் கையால் பூட்டியபின், நடுவிலிருந்து இரு பக்கமும் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

5. கீழ்க்குழாயைக் கடைசியாக இணையுங்கள். புதிய எஞ்சின் சற்று விலகி இருந்தால் குழாயின் வாய் சேராது. அதை நட்டால் இழுத்துச் சேர்க்கவே கூடாது. குழாயை வெட்டி, வளைத்து, ஒட்டிச் சரிசெய்யுங்கள். இழுத்துப் பூட்டிய வார்ப்பிரும்பு சூடேறி ஆறும்போது வெடித்துவிடும்.

6. காரை வெளியில் நிறுத்தி ஸ்ராட் செய்யுங்கள். “டிக் டிக்” என்ற சத்தமோ, இணைப்பில் கரியோ தெரிந்தால் புகை கசிகிறது. சூடேறி நன்றாக ஆறியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

கசியும் புகையில் காபனோரொட்சைட்டு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் கண்டால் உடனே காரை நிறுத்தி எல்லோரும் காற்றாட வெளியே இறங்க வேண்டும். அடைத்த கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. ஒரு காஸ்கெற்றின் விலையைப் பார்த்துப் பின்சீற்றில் இருக்கும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

குழுவாகச் சிந்திக்க:

• நமது முகாமில் அல்லது ஊரில் உள்ள பழைய வாகனங்களில் புகை கசிகிறதா?

• அடிமட்டம், ஸ்பனர் முதலியவற்றைச் சில குடும்பங்கள் சேர்ந்து பொதுவில் வாங்கி வைக்கலாமா?