அட்வான்ஸ் கொடுக்கும் முன்

தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு தேடுகிறவருக்குச் சட்டம் சொல்லித்தருவது பெரும்பாலும் புரோக்கர்தான். அவர் சொல்வதில் பல, 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்துப் பேச்சு. அந்தச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது.

“பதினோரு மாத அக்ரிமென்ட் என்றால் பதிய வேண்டியதில்லை.”

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பத்தான் பதினோரு மாதக் கணக்கு வந்தது. புதிய வாடகைச் சட்டத்திடம் அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இவர் சார்பதிவாளர் அல்ல. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் முன்வராவிட்டால் நீங்கள் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்யலாம். பதியாத ஒப்பந்தம் தகராறு வரும்போது சாட்சியமாக நிற்காது. அதைவிட முக்கியம், எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறுவதே வீட்டைக் காலி செய்யக் கோர ஒரு காரணம் ஆகிறது. “எழுத்தில் இல்லை, அதனால் என்னை அசைக்க முடியாது” என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவே முடியாது.”

இதில்தான் ஏமாற்றம் அதிகம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு, “மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்” என்ற பொருளோடுதான் தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது கடினம். சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்பது கையெழுத்துக்கு முந்தைய அந்தச் சில நாட்களில்தான். பேரம் பேச வேண்டியதும் அப்போதே. டோக்கன் அட்வான்ஸ் என்று சிறு தொகை கொடுத்தாலும், தொகை, தேதி, வீடு பிடிக்காமல் போனால் அது திரும்புமா என்பதெல்லாம் ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். வீடு கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் இதைக் கேட்கத் தயங்குவோர் ஏராளம். கேட்பதால் மரியாதை குறையாது.

“வீட்டுக்காரர் வாடகையை வாங்க மாட்டேன் என்றால் நம் தப்பில்லை.”

அப்படி விட்டுவிட்டால் பாக்கி உங்கள் பெயரில்தான் ஏறும். அவர் வாங்க மறுத்தாலோ ரசீது தர மறுத்தாலோ, தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டர் போன்ற வழியில் அனுப்ப வேண்டும். அப்போதும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். சண்டை இருக்கிறதென்று வாடகையை நிறுத்துவதும், “கடைசி மாதங்களை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று நாமாகவே முடிவுசெய்வதும் ஆபத்து. இரண்டு மாதப் பாக்கி, நோட்டீஸுக்குப் பிறகும் தீராவிட்டால், வெளியேற்றக் காரணம். கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் கையெழுத்திட்ட ரசீது தருவது அவர் கடமை.

பதிலுக்கு, பாக்கி இருக்கிறதென்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை.

“காலி செய்தால் பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சட்டம்.”

வழக்கம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் வேலை என்கிறது சட்டத்தின் அட்டவணை. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே ஒப்பந்தத்தில் பெயின்ட் பற்றி ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். குடிவரும் நாளன்றே மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகும்.

“புது ஆள் வந்ததும் அட்வான்ஸைத் தருகிறேன்” என்ற பதிலும் இதே வகை. நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தந்தாக வேண்டும், அடுத்த ஆள் வந்தாலும் வராவிட்டாலும்.