நீலக் குளிசைகள்: இளையோர் உடலும் தசைப்பெருக்க மருந்துகளும்

ஸ்ரெரோயிட்டு என்னும் சொல் இரு வேறு மருந்தினங்களுக்குப் பொதுப்பெயராய் வழங்கி வருகின்றது. ஆதலின், பொருளுட் புகுமுன் அவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். முட்டு எனப்படும் தொய்வு நோய்க்கும், தோல், மூட்டு நோய்கள் சிலவற்றுக்கும் வைத்தியர் கொடுக்கும் பிறெட்னிசொலோன் முதலியன ஓரினம். அவை அழற்சியைத் தணிப்பன. தசையைப் பெருக்குவன அல்ல. மற்றையது, ரெஸ்ரொஸ்ரெரோன் என்னும் ஆண்பால் ஓமோனும் அதனை ஒத்துச் செயற்கையாய் ஆக்கப்பெற்றனவுமாம். நாம் ஈண்டு ஆராயப் புகுவது பின்னதையே. இதனை வாசித்த மாணவன் எவனாவது தன் தொய்வு மருந்தை வீசி எறிவானாயின் நன்மைக்குப் பதிலாய்த் தீமை செய்தோமாவோம். அதனாலேயே இதனை முதற்கண் கூறினோம்.

ரெஸ்ரொஸ்ரெரோன் 1935 இல் விலங்குகளின் விதைகளிலிருந்து தூயதாய்ப் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆய்வுகூடத்திலும் ஆக்கப்பட்டது. அவ்வாக்கத்தில் முன்னின்ற பூற்றெனான்ட், றுசிச்கா ஆகிய இருவரும் 1939 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்தனர். சுரப்பி குன்றியோருக்கு அது பெருநன்மை செய்தது, இன்றும் செய்கின்றது. 1958 இல் டயனபோல் என்னும் குளிசை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது பளுதூக்கும் வீரர் கைக்குச் சென்ற பின்னர், மருந்து நோயாளியை விட்டு நோயற்றவனைத் தேடிச் செல்லலாயிற்று.

இளையோரிடத்து இது யாது செய்யும் என்பதை ஊகித்தறிய வேண்டுவதில்லை. ஓர் அரசாங்கமே அதனைச் செய்து, குறிப்பும் எழுதி வைத்தது. கிழக்கு ஜேர்மனி 1974 இல் 14.25 என்னும் இலக்கமிட்ட இரகசியத் திட்டமொன்றை வகுத்தது. யேனா நகரத்து மருந்துச்சாலையொன்று ஆக்கிய ஓறல்-ரூரினபோல் என்னும் சிறிய நீலக் குளிசை அதன் கருவியாயிற்று. விளையாட்டுப் பாடசாலைகளிற் பயின்ற சிறுமியர் பலருக்குப் பயிற்றுநர் தம் கையாலேயே அதனை வழங்கினர். விற்றமின் என்று கூறினர். பெற்றோருக்கோ ஒன்றும் கூறிற்றிலர். 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் மகளிர் நீச்சலுக்குரிய 13 தங்கப் பதக்கங்களுள் 11 அந்நாட்டைச் சேர்ந்தன. உலகம் வியந்தது. அம்மகளிரின் குரல் தடித்திருந்ததையும் சிலர் கவனித்தனர்.

ஹைடி கிறீகர் என்னும் குண்டெறி வீராங்கனைக்கு அக்குளிசை 16 ஆம் வயதிலே தொடங்கப்பட்டது. 1986 இல் ஸ்ருட்கார்ட் நகரில் 21.10 மீற்றர் எறிந்து ஐரோப்பிய வெற்றியாளரானார். முதுகும் மூட்டும் நொந்து, சில ஆண்டுகளில் விளையாட்டையே விட்டார். 1997 இல் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, அன்று தொட்டு அந்திரெயாஸ் கிறீகர் என்னும் ஆடவராய் வாழ்ந்து வருகின்றார். ஆடவரானது அவர்க்குக் குறையன்று. தாம் யாவர் என்பதைத் தாமே கண்டறியும் வாய்ப்பைப் பிறர் பறித்துவிட்டனர் என்பதே குறை. 2000 ஆம் ஆண்டில் பேர்ளின் நீதிமன்று அந்நாட்டு விளையாட்டுத்துறைத் தலைவர் ஏவால்ட், வைத்தியர் ஹொப்னர் ஆகியோரைக் குற்றவாளிகளாய்க் கண்டது. ஒருவருக்கு 22 மாதமும் மற்றவருக்கு 18 மாதமும் விதிக்கப்பட்டன. இரண்டும் ஒத்திவைத்த தண்டனைகளே. சிறையிற் கழிந்தது ஒரு நாளுமில்லை. பாதிக்கப்பட்டோருக்கு ஈடு வழங்க 2002 இலும் 2016 இலும் சட்டங்கள் வந்தன. இழந்த குரலுக்கும் ஈரலுக்கும் ஈடு எவ்வளவென்று கணிப்பது எவ்வாறோ, நாமறியோம்.

இனி, இளம்பருவத்தில் இதன் கேடு முதிர்ந்தோரினும் மிகுதல் எதனால் என்பதை நோக்குவாம். நீண்ட என்புகளின் முனைகளை அடுத்து மெல்லிய கசியிழையத் தகடு உண்டு. அத்தகடு உள்ளளவும் பிள்ளை உயர்வான். அஃது என்பாகி மூடியபின் ஓர் அங்குலமேனும் உயர வழியில்லை. மூடுமாறு ஏவுவது ஈஸ்ரோஜன் என்னும் ஓமோன். இது பெண்பாலுக்கே உரியதெனப் பலர் கருதுவர். ஆயின், ஆண்மகன் உடலிலும் ரெஸ்ரொஸ்ரெரோனின் ஒரு பகுதி ஈஸ்ரோஜனாய் மாறுகின்றது. பதினைந்து வயதினன் ஒருவன் ஊசியால் மிகுதியாய் ஏற்றிக்கொள்வானாயின், மாறும் அளவும் மிகும். தகடு காலத்துக்கு முன்னரே மூடும். பெருக்க விரும்பிய உடல் குறுகி நின்றுவிடுகின்றது. அதே காரணத்தால் அவன் மார்பிற் பெண்களுக்குப் போன்று சுரப்பியிழையம் வளர்தலும் உண்டு. அதனை அகற்றப் பெரும்பாலும் கத்தியே வேண்டும்.

மற்றொன்று கபச்சுரப்பியைப் பற்றியது. மூளையின் அடியிலுள்ள அச்சுரப்பி, குருதியில் ஓமோனின் அளவு குறைந்தால் விதைகளை ஏவும். மிகுந்தால் ஏவலை நிறுத்தும். வெளியிலிருந்து மருந்து வந்து நிறைதலும், வீட்டில் உலை வைப்பது போதும் என்று அடங்கிவிடுகின்றது. ஏவுவாரின்றி விதைகள் சுருங்கும்; விந்தணு குன்றும். வளர்ந்தோரிடத்து அவை மீளப் பல மாதங்கள் செல்லும். சிலர்க்கு முற்றாய் மீள்வதுமில்லை. இவ்வொழுங்கு இப்போதுதான் அமையத் தொடங்கியிருக்கும் சிறுவனிடத்தோ, அமையுமுன்னரே அது குலைக்கப்படுகின்றது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறும். முகத்தில் மயிர் அரும்பும். தடித்த குரல் மருந்தை விட்ட பின்னும் திரும்பாது.

இருதயத்தின் இடக்கீழறைச் சுவர் தடித்தலும், நற்கொழுப்புக் குறைந்து தீக்கொழுப்பு ஏறுதலும் யாவர்க்கும் பொதுவாம். வாயாலுண்ணும் வகை ஈரலைத் தாக்கும். தசை விரைந்து பெருக, அதனை என்போடு பிணைக்கும் நாண் அவ்வேகத்துக்கு ஈடுகொடாமையால் அறுதலும் உண்டு. பகிர்ந்த ஊசியால் வரும் நோய்களை விரிக்க வேண்டுவதில்லை.

இன்று எவ்வரசும் எம் பிள்ளைகளை வற்புறுத்தவில்லை. உடற்பயிற்சிக் கூடத்து நண்பன் ஒருவனும், கைப்பேசியிற் கண்ட படமொன்றும் போதியனவாகின்றன. தான் உண்பது இன்னதென்று அறியாமையில் மட்டும் இன்றைய மாணவன் அன்றைய சிறுமியை ஒத்திருக்கின்றான். 2000, 2001 ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துணவுப் பொருள்களை ஜேர்மனியின் கொலோன் நகரத்து ஆய்வுகூடம் சோதித்தபோது, பெயரொட்டியிற் குறிக்கப்படாத இவ்வின இரசாயனங்கள் 94 பொருள்களில் இருக்கக் காணப்பட்டன. சுற்றுப்போட்டியில் நிற்கும் வீரன் அறியாது உண்டேன் என்றாலும், தன் உடலிற் கண்டதற்குத் தானே பொறுப்பாளி என்பது உலக விதி. எம் நாட்டிலும் விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கும் சட்டம் 2013 இல் இயற்றப்பட்டது.

உழுத்தங்களியும் எள்ளுருண்டையும் உண்டு ஓடிய எம்மில் மூத்தோர், எம் காலத்தில் இவையெல்லாம் ஏது என்பர். உண்மையே. ஆயினும் ஆறு கிழமையில் மாணவனொருவனின் தோள் இருமடங்கு பருத்தபோது, அது எங்ஙனம் என்று வினவாது மைதானத்து ஓரத்தில் நின்று கைதட்டுவோரும் நாமே. கிண்ணத்துக்குப் பணம் உதவுகின்றோம். பயிற்றுநரிடம் வெற்றியைக் கேட்கின்றோம். அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாவின் பெயரைக் கேட்டவர் எம்மில் எத்தனை பேர்? முகத்திலும் முதுகிலும் திடீரெனப் பருக்கள் மொய்த்தலும், காரணமின்றிச் சீறுதலும், விலையுயர்ந்த புட்டிகளை ஒளித்து வைத்தலும் கண்டால், வினவுதல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியதே.

ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிள்ளையைக் கண்டால், ஏசிப் புட்டியைப் பறித்து விடுதலோடு அமைதல் கூடாது. தன் சுரப்பி உறங்கியிருக்க மருந்தும் நின்றுவிடுதலால், அவன் உள்ளம் கடுஞ்சோர்வுக்கு ஆளாகலாம்; உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றுதலும் மருத்துவர் கண்டறிந்ததே. சில கிழமைகளேனும் அவனைத் தனியே விடாது, விரைந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். புட்டியையும் உடன் கொண்டு செல்க. பெயரொட்டி கூறுவதும் உள்ளிருப்பதும் எப்போதும் ஒன்றாய் இராமையின், வைத்தியர் குருதியையும் சோதித்தே மேற்கொண்டு செய்வதைத் துணிவர்.