இடுப்புப் பிடிப்பும் வரப்பு நடையும்

நாற்றுப் பறித்துவிட்டு நிமிரும்போதோ, நெல் மூட்டையைத் தூக்கும்போதோ இடுப்பில் 'சுருக்' என்று பிடித்துக்கொள்வது உழவர்கள் அறிந்ததே. வலி தெரிகிறது. அந்த வலி நடையை மாற்றிவிடுவதைப் பலரும் கவனிப்பதில்லை.

இயல்பான நடையில் குதிகால் முதலில் ஊன்றுகிறது. பிறகு எடை முன்பாதத்துக்கு நகர, பெருவிரலால் உந்தி அடுத்த அடி வைக்கிறோம். இடுப்பு பிடித்தவரோ உடம்பைக் கட்டைபோல் விறைத்துக்கொள்கிறார். நடை தளர்கிறது, அடி குறுகுகிறது. ஒரு பக்கம் வலி மிகுந்தால், அந்தக் காலில் எடையை முழுதும் ஊன்றாமல் சட்டென்று மறுகாலுக்கு மாற்றிவிடுவார். நொண்டும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாதங்களை நனைத்துக்கொண்டு சிமெண்டுக் களத்தில் பத்தடி நடந்து திரும்பிப் பாருங்கள். இரு கால் தடங்களும் ஒன்றுபோல் இல்லையென்றால், அன்று சுமை தூக்க வேண்டாம்.

குறிப்பாக, முதுகுத் தெளிப்பானைத் தொடவே கூடாது. 16 லிட்டர் தொட்டியில் தண்ணீரின் எடை மட்டும் 16 கிலோ. அதுவும் அடிக்கு அடி அலம்பும். ஈர வரப்பில் கால் இடறினால் உடம்பெல்லாம் மருந்து கொட்டும். "பூச்சி காத்திருக்குமா?" என்று கேட்பீர்கள், காத்திருக்காதுதான். தெளிக்கப் பழகிய பக்கத்து வயல்காரரை அழையுங்கள். அவர் வேலையொன்றைக் குணமானபின் நீங்கள் செய்து கொடுக்கலாம்.

அதற்காகப் பாயிலேயே கிடக்கவும் வேண்டாம். வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொன்ன காலம் போய்விட்டது. சமதரையில் சிறிது சிறிதாக, பலமுறை நடப்பதே நல்லது. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணியும். கால் முன்னே வரப் பிறந்தவரைக் கொண்டு இடுப்பில் உதைக்கச் சொல்லும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. தயவுசெய்து அதற்கு இடங்கொடாதீர்கள்.

பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் செருப்பின் நுனி தரையில் உரசுகிறதா? குதிகாலால் மட்டும், அல்லது நுனிக்காலால் மட்டும் நடக்க வலுவில்லையா? முதுகிலிருந்து காலுக்குச் செல்லும் நரம்பு நசுங்கியிருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். கீழே விழுந்தபின் வந்த வலியானாலும், காய்ச்சலோடு சேர்ந்த வலியானாலும் அப்படியே. தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாமற் போனாலோ பொழுது விடியட்டும் என்று இராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.