முதுமையில் உடற்கேடும் உளச்சோர்வும்

ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் என்பார் 17-ஆம் நூற்றாண்டில் நீரிழிவைப்பற்றி எழுதுங்கால், நெடுநாள் துயரம் அந்நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று குறித்தார். அவர் நோயாளியின் சிறுநீர் தேன்போல் இனித்தலைக் குறித்தவர். இன்ஸுலின் 1921-இல் கண்டறியப்பட்டதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகட்கு முற்பட்ட செய்தி இது. உடம்பின் சர்க்கரைக்கும் உள்ளத்தின் துயருக்கும் உள்ள தொடர்பு யாது? சிறப்பாக, முதிய ஆடவரிடத்து அஃது எங்ஙனம் விளங்குகின்றது? இவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார்க்குக் காரணம் பின்னர்ப் புலனாகும்.

உண்ட உணவை ஆற்றலாக மாற்றியும், எஞ்சியதைச் சேர்த்துவைத்தும் உடல் இயற்றும் தொழிலை வளர்சிதை மாற்றம் என்பர். இது பிறழுமிடத்துப் பல கேடுகள் ஒருங்கே வருதலை 1988-இல் ஜெரால்டு ரீவன் என்னும் அமெரிக்க மருத்துவர் விளக்கினார். இடுப்புப் பருமன், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மிகுதி, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் மிகுதி, நற்கொழுப்பின் குறைவு என்னும் ஐந்தனுள் மூன்று காணப்பெறின் அதனைக் கூட்டுநோய் எனக் கொள்கின்றனர். 2005-இல் வகுத்த அளவின்படி ஐரோப்பிய ஆடவர்க்கு இடுப்பின் எல்லை 94 செ.மீ.; நம்மனோர்க்கோ 90. மெலிந்தாராய்த் தோன்றினும் வயிற்றினுள்ளே கொழுப்பு மிகுதியாகச் சேர்தல் நம்மவர் இயல்பாதலின் இவ்வேறுபாடு வந்தது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஆடவர் ஏறத்தாழப் பன்னீராயிரவரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். பருத்த உடலும் இக்கூட்டுநோயும் உடையாரிடத்து உளச்சோர்வு பின்னர் மிகுதியாகத் தோன்றிற்று என்பது 2009-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. வயிற்றுக் கொழுப்பினின்று சுரக்கும் அழற்சிப் பொருள்கள் மூளையையும் தாக்குகின்றன. கொதிப்பும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய குழாய்களைச் சிதைக்கின்றன. மறுதலையாக, துயருற்றானது உடலிற் கார்ட்டிஸால் மிகும்; அது சர்க்கரையை ஏற்றும். அன்றியும் அவன் நடவான், மருந்தையும் மறப்பான். வாயில் இருபுறமும் திறந்தே கிடக்கின்றது.

இனி, யாம் இதனை ஆராயப் புகுந்த காரணத்தைக் கூறுவோம். எம் பாட்டனார் நெடுங்காலம் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பத்தாண்டாக நீரிழிவு உடையவர். காலையில் வரும் நாளிதழை மடிப்புக் கலையாமலே வைத்துவிடலானார். மாலையில் உலாவச் செல்லுதலும் ஒழிந்தது. உண்ணவும் மறுத்தார். "வயது ஆயிற்றல்லவா?" என்றே வீட்டில் அனைவரும் கூறினோம். சர்க்கரை ஏறக்கண்ட மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். பழைய மாத்திரையையேனும் அவர் விழுங்குகின்றாரா என்று மருத்துவரும் கேட்டிலர், யாமும் கேட்டிலம். அவற்றுட் பாதி தலையணையுறையினுள் இருந்தமை பின்னரே தெரிந்தது.

இஃது எம் வீட்டளவில் நின்ற பிழையன்று. அயர்வு, உறக்கமின்மை, மெலிவு என்பன உளச்சோர்வின் குறிகள்; சர்க்கரை மிக்காரிடத்தும் இவையே தோன்றும். ஆடவரோ "துயரமாயிருக்கின்றது" என எளிதிற் சொல்லார். "உடம்பு முடியவில்லை" என்பர். இம்மயக்கத்தை உணர்ந்தே, அமெரிக்காவில் யெஸவேஜ் என்பாரும் அவருடன் ஆராய்ந்தாரும் முதியோர்க்கென 1983-இல் வெளியிட்ட வினாத்தொகுதியில் உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கினர். அதன் சுருக்கத்தில் 15 வினாக்களே உள்ளன. 'ஆம்', 'இல்லை' என விடையிறுத்தாற் போதும். ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவர் அவற்றை எம் பாட்டனாரிடம் கேட்டார். வாழ்வு வெறுமையாய்த் தோன்றுகின்றதோ என்னும் பொருள்பட்ட வினாவிற்கு அவர் நெடுநேரம் விடை பகரவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், இளிவரல் பிறக்குமிடங்களுள் மூப்பையும் பிணியையும் அடுத்தடுத்து வைத்தார். ஒருவன் தன்னை எளியனாக எண்ணி நாணுதலே இளிவரல். அதனை வகுப்பிற் கேட்டு மனப்பாடம் செய்தோம், தேர்விலும் எழுதினோம், திண்ணையிலிருந்த முதியவரை நினைந்திலம்.

மருத்துவம் எளிதன்று. உளச்சோர்வு மருந்துகளிற் சில உடலைப் பருக்கச் செய்யும். ஆதலின் நீரிழிவு மருத்துவரும் மனநல மருத்துவரும் கலந்தே மருந்து தெரிதல் வேண்டும். நடை இரண்டிற்கும் நலம் பயப்பது. எம் பாட்டனார்க்கும் மருந்தோடு நடையே விதித்தனர். தனியே செல்ல அவர் உடன்படாமையின், விடுமுறை நாள்களில் யாம் உடன் செல்கின்றோம். சர்க்கரை இறங்கியுள்ளது. பேச்சு இன்னும் குறைவே. எனினும் சென்ற வாரம் எம் செய்யுட் பாடத்தில் ஒரு சொல்லிற்குப் பொருள் கேட்டு, யாம் கூறியது தவறென்று மறுத்தார்.