சொத்தும் சொல்லும்

ஊரை விட்டு நெடுந்தொலைவில் பயிலும் நமக்கு, வீட்டுக் கடிதத்துடன் சில வேளைகளில் ஒரு முத்திரைத் தாளும் வந்து சேர்கிறது. பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்திட்டு உடனே அனுப்ப வேண்டும் என்பதே உடன்வரும் செய்தி. 18 வயது நிரம்பியவரின் கையெழுத்துக்குச் சட்டத்தின் முன் முழு மதிப்பு உண்டு. ஆனால் அத்தாளிலுள்ள சொற்களின் பொருள் நம்மில் பலருக்கு விளங்குவதில்லை. இந்நகரத்து வழக்கறிஞரைக் கேட்கலாமென்றால், ஒத்தி, வில்லங்கம் என்ற சொற்கள் அவருக்குப் புதியவை. நான் இரசாயனம் பயில்பவன்; சட்டம் பயின்றவன் அல்லன். எனினும் எங்கள் குடும்பப் பத்திரங்களைப் படிக்க நேர்ந்தபோது, மூலச் சட்டங்களையும் புரட்டிப் பார்த்தேன். அவற்றில் தெளிந்ததை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம் ஒரு சொல்லுக்கு எவ்வாறு பொருள் வகுக்கிறது என்பதைக் காண்போம். சில இடங்களில் 'இன்ன சொல் இன்னதைக் குறிக்கும்' என்றிருக்கும். அங்கே எல்லை அதோடு முடிந்தது. வேறு சில இடங்களில் 'இன்னதையும் உள்ளடக்கும்' என்றிருக்கும். அங்கே வழக்கமான பொருளோடு மேலும் சில சேர்கின்றன. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், நிலம், நிலத்திலிருந்து கிடைக்கும் பயன்கள், நிலத்தோடு இணைந்த பொருள்கள் ஆகியவற்றை அசையாச் சொத்து உள்ளடக்கும் என்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, வெட்டு மரம், நிற்கும் பயிர், புல் ஆகியவை அசையாச் சொத்தாகா என்கிறது. ஆகவே, கனிக்காக வளர்த்து வரும் மாமரம் அசையாச் சொத்து. விரைவில் வெட்டி விற்பதற்கென நிற்கும் தேக்கு அசையும் சொத்து. இரண்டும் மண்ணில் வேரூன்றி நிற்பவையே. வேற்றுமை மரத்தில் இல்லை, அதனை வைத்திருக்கும் நோக்கத்தில் இருக்கிறது. 1958இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் இவ்வேற்றுமையை விளக்கியிருக்கிறார்.

அடுத்து, கிரயம். விலைக்கு ஈடாக உடைமை உரிமையையே மாற்றித் தருவது கிரயம். விலை முழுவதும் கைக்கு வந்திருக்க வேண்டுமென்பதில்லை; தருவதாக வாக்களித்திருந்தாலும் போதும். கிரய ஒப்பந்தம் என்பது வேறு. பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்பாடே அது. அவ்வொப்பந்தம் தன்னளவில் சொத்தின்மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. முன்பணம் கொடுத்து 'அக்ரிமெண்டு' போட்டவர் வீடு தமதாகிவிட்டதென எண்ணுவது பிழை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும்.

ஒத்தி அல்லது போக்கியம் என்பது அடமானத்தில் ஒரு வகை. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் வசம் வைத்துக்கொண்டு, அதன் விளைவை வட்டிக்காகவோ அசலுக்காகவோ அனுபவிப்பார். உடைமை உரிமை மட்டும் நிலக்காரரிடமே நிற்கும். எங்கள் பாட்டனார் பிழைப்பு நாடி வடக்கே வருமுன் ஒரு சிறு நஞ்சை நிலத்தை ஒருவரிடம் விட்டுவந்தார். அது விற்கப்பட்டுவிட்டது என்றே ஊரில் எல்லோரும், என் தந்தையார் உட்பட, நம்பியிருந்தனர். பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படித்தபோது அதில் கிரயம் என்ற சொல்லே இல்லை. ஒத்தி என்றுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லால் மீட்கும் உரிமை உயிரோடு இருக்கிறது. ஒத்தியை மீட்பதற்கான 30 ஆண்டுக் காலவரை ஒத்தி எழுதிய நாளிலிருந்து தொடங்குவதில்லை என்றும், கடன் தீர்ந்த பின்னரே தொடங்கும் என்றும் 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இப்பொழுது நிலத்தை அனுபவிப்பவருடன் என் தந்தையார் பேசி வருகிறார்.

பட்டா என்பது வருவாய்த் துறையின் ஏடு. நிலவரி எவர் பெயரில் செலுத்தப்படுகிறது என்பதைக் காட்டும். அது நல்ல துணைச் சான்று. ஆயினும் அது மட்டுமே உடைமைக்கு ஆதாரமாகிவிடாது. வில்லங்கச் சான்று என்பது, கேட்ட காலத்துக்குள் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவு செய்யப்படாத உயில் அதில் வராது. ஒருவர் இறந்ததால் வாரிசுகளுக்குச் சேர்ந்த பங்கும் வராது. எனவே 'வில்லங்கம் இல்லை' என்பதற்குப் 'பதிவேட்டில் இல்லை' என்பதே பொருள்.

இனி, நமக்குத் தபாலில் வரக்கூடிய மூன்று தாள்களைப் பார்ப்போம்.

விடுதலைப் பத்திரம்: ஒரு கூட்டுப் பங்காளி தம் பங்கை மற்றொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது. பெயரில் விடுதலை இருந்தாலும், விடுபட்டுப் போவது நம் பங்கேயாகும். நம் சங்கத்துச் சகோதரிகள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போன்றே பிறப்புரிமை உண்டென்று, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டது. தமிழகத்தில் அதுவரை மணமாகாதிருந்த பெண்களுக்கு இவ்வுரிமை 1989இலேயே கிட்டிவிட்டது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தந்தை தாமே ஈட்டிய சொத்தின் நிலை வேறு. அவர் வாழுங்காலத்தில் அதில் பிள்ளைகளுக்குப் பங்கில்லை. பின்னர் வரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பைச் சொத்தாக மாற்றித் தரவும் சட்டம் இடந்தராது.

அதிகாரப் பத்திரம்: நமக்காகச் செயல்பட இன்னொருவரை அமர்த்துவது. அதனாலேயே சொத்து அவருடையதாகிவிடாது. அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு நடத்தும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் விற்கும் அதிகாரமும் அதில் எழுதப்பட்டிருந்தால், நம் பெயரால் அவர் முறைப்படி கிரயம் செய்து கொடுக்க முடியும். வரி செலுத்தவா, வழக்கு நடத்தவா, விற்கவா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தல் நலம்.

செட்டில்மெண்டுப் பத்திரம்: இதனை உயிலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார் பலர். உயில் எழுதியவர் இறந்த பின்னரே பலிக்கும். அதுவரை அவர் எத்தனை முறையும் மாற்றலாம். சாட்சிகள் இருவர் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மெண்டோ சொத்துரிமையை இப்போதே மாற்றிவிடும். பதிவான பின் மனம் மாறினால், பொதுவாக அதனைத் திரும்பப் பெறல் அரிது.

நண்பர்களே, பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் ஐயுற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தங்கைக்குத் திருமணம், அண்ணனுக்குத் தொழில் என மனமுவந்து பங்கை விட்டுக்கொடுப்போர் உண்டு; அது சிறந்த செயலே. ஆனால் இன்னதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பதே கொடை. ஆதலால் கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள்: இத்தாளின் பெயர் என்ன? இதனால் என்னிடமிருந்து எது போகிறது? அது போவது இன்றா, பின்னரா? விடை கிட்டும்வரை தாள் மேசைமேல் இருக்கட்டும். பத்து நாள் தாமதத்தால் கெடும் உறவு உறவன்று.