மனசுல உள்ளதைச் சொன்னா வெளியே போகுமா?



காலில் அட்டை கடித்துப் புண்ணானால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இருட்டு, மழை பாராமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் மனசு நொந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. "சொன்னா விடியறதுக்குள்ள பீலிக்கரை முழுக்கத் தெரிஞ்சிரும்" என்ற பயம் நமக்கு. ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவில் கேட்கும் லயத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானதே. ஆகவே, உளவளத்துணை என்றால் என்ன, அங்கே சொல்லும் பேச்சு எதுவரை இரகசியமாக இருக்கும் என்பதை இந்த இதழில் படிப்போம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா. மூன்று இடத்தில் கிழமைக் கடன். வீட்டுக்காரர் சம்பளத்தன்று குடித்துவிட்டு வருகிறார். அக்காவுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை. மலையில் கை ஓடவில்லை, கொழுந்து நிறை குறைகிறது, மடுவத்தில் ஏச்சு. "சோம்பேறியாப் போயிட்டா" என்கிறார் கங்காணி. காரணத்தை யாரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. கடைசியில் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போகிறார். போனதும் அவர் கேட்டது ஒரே கேள்வி:

"மிஸ், நான் சொல்றத தொரைக்கிட்ட சொல்லிருவீங்களா?"

இதுதான் சரியான கேள்வி. எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

உளவளத்துணை என்றால் என்ன?

அது பைத்தியத்துக்கு வைத்தியம் அல்ல. புத்திமதி சொல்லி ஏசும் இடமும் அல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் நாம் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பார். சிக்கலில் எந்த நூலை முதலில் பிரிப்பது என்று நம்மோடு சேர்ந்து பார்ப்பார். கடனை அவர் அடைக்க மாட்டார். குடியை ஒரே நாளில் நிறுத்தவும் மாட்டார். மருந்து தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போகச் சொல்வார்.

வேலைத்தலத்தில் இப்படி உதவுவது புதிய விஷயமல்ல. அமெரிக்காவில் 1940களிலேயே சில பெரிய கம்பெனிகள், குடியால் வேலை கெட்ட தொழிலாளரை உடனே விரட்டாமல், குடியை விட உதவி செய்யத் தொடங்கின. பிறகு கடன், குடும்பச் சண்டை, துக்கம் என்று மற்றப் பிரச்சினைகளுக்கும் அந்த உதவி விரிந்தது.

எது வெளியே போகாது?

நீங்கள் சொன்ன விஷயம், அழுதது, வீட்டுச் சண்டை, கடன் கணக்கு எதுவும் துரைக்கோ, கங்காணிக்கோ, தலைவருக்கோ, வீட்டுக்காரருக்கோ போகக் கூடாது. எழுதி வைப்பதும் பூட்டிய அலுமாரியில் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் போவதென்றால் "இன்னார் இந்த நேரம் போகணும்" என்பது மட்டும் கங்காணிக்குத் தெரிந்தால் போதும். எதற்கு என்று அவர் கேட்கத் தேவையில்லை.

எப்போது வெளியே போகும்?

இதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒருவருடைய உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்றால், அல்லது நீதிமன்றம் கட்டளையிட்டால், உளவளத்துணையாளர் பேசாமல் இருக்க முடியாது. அப்போதும் தேவையானவருக்குத் தேவையான அளவுதான் சொல்வார். முடிந்தவரை முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வார்.

பேசத் தொடங்கும் முன் கேளுங்கள்:

1. நீங்க யாருக்கு வேலை செய்றீங்க? நான் வந்தத யாருக்காவது அறிவிப்பீங்களா?
2. எழுதுறத யார் பார்ப்பாங்க?
3. எந்த விஷயத்த மறைக்க மாட்டீங்க?

நேரான பதில் வராவிட்டால் அன்று மனதைத் திறக்க வேண்டாம். வேறு இடம் தேடலாம். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்துக் காம்பிராக்காரரையோ உங்கள் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தமிழ் பேசுபவரைக் கேளுங்கள்.

தோட்டத்தில் இந்த வசதி இல்லையென்றால்?

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பெண்களுக்கு 1938. பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமையைச் சொல்ல 1929. லயத்துக்குள் நின்று பேசாமல் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்கள். போனை மற்றவர்கள் பார்ப்பார்கள் என்றால் பேசிய இலக்கத்தை அழித்துவிடுங்கள்.

"இனி இருந்து என்ன பிரயோசனம்" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990. உயிரை மாய்க்க முயல்வது இந்த நாட்டில் 1998 முதல் குற்றமல்ல. ஆகவே பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்க வேண்டாம். மறைத்தால் நேரம் போய்விடும்.

நம் அக்காவுக்கு என்ன ஆனது? கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எதை முதலில் கட்டுவது என்று தீர்மானித்துவிட்டார். இரவில் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அவர் பேசிய பேச்சு பீலிக்கரைக்கு வரவில்லை.

இரகசியம் காப்பது உளவளத்துணையாளரின் வேலை மட்டுமல்ல, நம் வேலையும்தான். யாராவது அந்த அறைக்குள் போவதைக் கண்டால், கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவிடுவோம். நாளை நாமும் அந்தக் கதவைத் தட்ட வேண்டி வரலாம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

• நம் தோட்டத்தில் மனம்விட்டுப் பேச ஒதுக்கமான இடம் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம்?
• ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை நாம் எப்போதாவது வெளியே சொன்னோமா? அதனால் என்ன நடந்தது?