தனியாய் வந்தவருக்கு இடம் உண்டா?



திருக்குடும்பத் திருநாள் நெருங்கி வருகிறது. கிறிஸ்துமஸ் திருநாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் சேசு, மரி, சூசை என்னும் மூவர் வாழ்ந்த வீட்டைத் திருச்சபை நம் கண்முன் வைக்கிறது. அன்று நம் கோவில் வளாகத்தில் குடும்ப விருந்தும், பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயமும், குடும்பப் படம் எடுப்பதும் வழக்கம்போல் நடைபெறும். ஆகவே இந்த வாரப் பாடத்தைக் குடும்பத்தின் மேன்மையைப் பற்றி எழுத வேண்டுமென்று உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் போன வருஷத்து விருந்து ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

போன வருஷம் விருந்துக்குக் குடும்பத்துக்கு ஒரு சீட்டு என்று ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு என்னுடையதுதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. பந்தல் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த வாலிபன் ஒரு பெண்மணியிடம், “எந்தக் குடும்பம்மா நீங்க?” என்று கேட்டான். வயது ஐம்பதை நெருங்குகிறவர், விவாகம் செய்துகொள்ளாதவர். “நான் மட்டுந்தாம்பா” என்றார். பையன் நல்ல பையன். உதவி செய்வதாக நினைத்து, “அப்போ உங்க அண்ணன் வீட்டுச் சீட்டுல சேர்ந்துக்கங்கம்மா” என்றான். அண்ணன் வீடு ஆவடியில் இருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார். அதன்பின் ஏழெட்டு வாரம் பூசைக்கு வருவார். ஆசீர்வாதம் முடிந்ததும் காணமாட்டோம். ஒரு நாள் வீட்டுக்குப் போய் விசாரித்தபோது சொன்னார்: “சாமி, பூசைக்கு வர்றப்போ நான் ஒரு ஆளு. சாப்பாட்டுக்கு வர்றப்போ நான் யாரோட மிச்சம்?”

அவர் இன்னார் என்று கண்டுபிடிக்க யாரும் முயல வேண்டாம். இப்படிப்பட்டவர் நம் பங்கில் ஒருவரல்ல, பலர்.

யோசித்துப் பார்த்தால், மனைவி மக்கள் இல்லாமல் தனியாய் நடமாடுகிறவன் நானுந்தான். ஆனால் எனக்கு அங்கி இருக்கிறது. அங்கி போட்டவன் தனியாய் வந்தால் கலியாண வீட்டில் முன்வரிசை. சட்டை போட்டவன் தனியாய் வந்தால் தூண் ஓரம். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. ஒரு நாள் நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு, சாதாரணச் சட்டையும் கால்சட்டையுமாக மத்தியானம் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். “எத்தனை பேரு?” என்றார் பரிமாறுகிறவர். “ஒருத்தர்.” “மேலே ஃபேமிலிக்கு மட்டும் சார். சிங்கிள்னா இங்க உக்காருங்க” என்று கைகழுவும் தொட்டியின் பக்கத்தைக் காட்டினார். இலையில் சோறு விழுவதற்குள் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் உள்ளே வந்து, “சாமி! நீங்களா இங்க?” என்று சத்தம் போட்டார். அடுத்த நிமிஷம் என்னை மாடிக்கு அழைத்துப் போய் மின்விசிறியின் கீழ் உட்கார வைத்தார்கள். பசி அதே பசி, ஆளும் அதே ஆள். அங்கி இல்லாமலே அங்கியின் மரியாதை வந்துவிட்டது. அது வராதவர் தொட்டிப் பக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

ஓட்டல்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. பெண்கள் ஓட்டலில் சாப்பிடக் கூச்சப்பட்ட நாளில் அந்தக் குடும்ப அறையும் அதன் திரைச்சீலையும் அவர்களுக்கு நிம்மதி தந்தன. நல்ல நோக்கத்தோடு வைத்த தடுப்பு, நாளடைவில் வேறொருவரை வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான்.

நம் கடற்கரைப் பக்கத்தில் இது ஓட்டலோடு நிற்பதில்லை. குப்பங்களில் “தலைக்கட்டு” என்று ஒரு கணக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். விவாகமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியும் அந்தக் கணக்கில்தான், ஊர்க்கூட்டத்தில் பேச்சும் அந்தக் கணக்கில்தான். நாற்பத்தைந்து வயதுவரை அலையோடு போராடியவனும் தாலி கட்டாவிட்டால் தகப்பன் தலைக்கட்டில் ஒரு பையன். வேலைக்காக வந்தவர்களின் கதை வேறு. எண்ணூரில் 1948-ல் மோட்டார் தொழிற்சாலை தொடங்கியது. 1970-ல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கி, 2017-ல் மூடப்பட்டது. இந்த ஆண்டுகளில் தென்மாவட்டங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எத்தனையோ பேர் ஒற்றை டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்தார்கள். சம்பளத்தை ஊருக்கு அனுப்பித் தங்கைகளைக் கரையேற்றினவர்களில் சிலர், திரும்பிப் பார்க்கும்போது தங்களுக்கு வயது கடந்துவிட்டதைக் கண்டார்கள். இன்று வடமாநிலங்களிலிருந்து வருகிறவர்களும் இதே நிலையில்தான் ஒரே அறையில் ஆறு பேராய்ப் படுக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் “ஃபேமிலியா, பேச்சுலரா?” என்பதுதான் சென்னைப் பட்டணம் முழுவதும் கேட்கும் முதல் கேள்வி.

இனி, திருச்சபை என்ன போதிக்கிறது என்று பார்ப்போம். விவாகம் தேவதிரவிய அனுமானம். பிள்ளைகள் சர்வேசுரன் தரும் கொடை. இதில் சந்தேகமில்லை. ஆனால் விவாகம் செய்தே தீரவேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 219-ம் எண்ணைப் பாருங்கள்: தன் வாழ்க்கை நிலையைத் தெரிந்துகொள்வதில் யாருடைய நெருக்குதலும் இல்லாதிருப்பது ஒவ்வொரு விசுவாசிக்கும் உள்ள உரிமை. தாய் தகப்பனுக்குக்கூட அங்கே விதிவிலக்குக் கொடுக்கவில்லை. அதே தொகுப்பில் 1084-ம் எண், பிள்ளைப்பேறு இல்லாமை விவாகத்தைத் தடைசெய்வதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்கிறது. பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் அரைக் குடும்பமல்ல என்று இதற்கு அர்த்தம். 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க ஞானோபதேசம் 1658-ம் எண்ணில் தனித்து வாழ்கிறவர்களைப் பற்றியே பேசுகிறது. வீடுகளின் கதவும், பெரிய குடும்பமாகிய திருச்சபையின் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சீட்டு அச்சடித்தபோது இது எனக்குத் தெரியாமலில்லை. குருமடத்தில் படித்து, பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.

“சாமி, கடவுள் கொடுக்காதவர்கள் சரி, வேண்டாமென்றே இருக்கிறவர்கள்?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விவாகம் செய்துகொள்கிறபோதே பிள்ளைகளை அறவே விலக்கித் தீர்மானித்து வாக்குக் கொடுத்தால் அந்த விவாகமே செல்லாது போகும் என்பது திருச்சபையின் போதனை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அதைப் பேசுவதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, பங்குக் குருவின் அறை இருக்கிறது. பிரியாணிக்கு நிற்கும் வரிசை அதற்கு இடமல்ல. அன்றியும் வேண்டாமென்று இருக்கிறவர் யார், கிடைக்காமல் அழுகிறவர் யார், மூன்று முறை கரு கலைந்ததை மாமியாருக்குக்கூடச் சொல்லாதவர் யார் என்று முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா? குருவானவனாய் இத்தனை வருஷம் இருந்தும் என்னால் முடியவில்லை.

சுவிசேஷத்தில் நம் ஆண்டவர் இளைப்பாறப் போன வீடு எது? பெத்தானியாவில் மார்த்தாள், மரியாள், லாசர் என்னும் மூன்று உடன்பிறப்புகளின் வீடு. அந்த வீட்டில் கணவன் என்றோ, மனைவி என்றோ, பிள்ளை என்றோ சுவிசேஷகர் ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு அங்கே சாப்பாடு இருந்தது, சண்டை இருந்தது, கண்ணீரும் இருந்தது. வீடு என்பதற்கு வேறென்ன வேண்டும்? இசையாஸ் தீர்க்கதரிசி 56-ம் அதிகாரத்தில், சந்ததியில்லாதவன் தன்னைப் பட்ட மரம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறார். பிள்ளைகளைக் காட்டிலும் மேலான ஒரு பெயரை ஆண்டவர் தமது ஆலயத்திற்குள்ளேயே அவனுக்குத் தருவதாக வாக்களிக்கிறார். ஆலயத்திற்குள்ளே என்பதைக் கவனியுங்கள்.

இப்போது கொஞ்சம் கடினமான விஷயத்திற்கு வருகிறேன். சாயங்காலத்தில் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் தனியாய் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தால் தாய்மாருக்குப் பயம் வருகிறது. அந்தப் பயம் பொய்யல்ல. பிள்ளைகளைக் காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அரசாங்கக் குற்றப் பதிவுகள் வருஷாவருஷம் காட்டுவது என்ன? பிள்ளைக்குக் கேடு செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள். உறவினர், அண்டை வீட்டார், நண்பர். ஆகவே கண் விழித்திருக்கட்டும். ஆனால் ஒருவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், யாரோடு வந்தார் என்று பாராதீர்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பிள்ளைகள் விளையாட்டுத் திடல்களில், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றோடு வராத பெரியவர்களுக்கு அனுமதியில்லை என்று விதி. 2010-ல் அங்கே ஒரு திடலில் இருந்த கல்மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஏழு பேருக்குப் போலீசார் வழக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். சதுரங்க மேசையைப் போட்டதும் நகரத்தார்தான்! நம் வளாகத்தில் அப்படிப் பலகை எதுவும் இல்லை. பார்வை இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைகளைக் கையைப் பிடித்து அப்பால் இழுத்துப் போவதை நானே கண்டேன். இப்போது அவர் அங்கே உட்காருவதில்லை. அவரிடம் பேசி அறிமுகம் செய்துகொண்டவர் அப்போது எத்தனை பேர்?

பெண்களுக்கு வேறு விதமான தண்டனை. “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி இருக்கிறதே, கோவில் வாசற்படியில் அதைக் கேளாத ஞாயிறு இல்லை. கேட்கிறவருக்கு அது க்ஷேம விசாரிப்பு. கேட்கப்படுகிறவருக்கு அது எத்தனையாவது முறை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வளைகாப்பில் வளையல் போடவும் சந்தனம் பூசவும் பிள்ளை பெற்றவளை மட்டும் அழைத்து, மற்றவளை “நீ அங்க சமையலைப் பாரும்மா” என்று அனுப்புவது கிறிஸ்தவ வீடுகளிலும் நடக்கிறது. ஞானஸ்நானம் பெற்றவளின் கையில் தோஷம் இருக்கிறதென்று எந்த ஞானோபதேசத்தில் படித்தீர்கள்?

துறைமுகத்துப் பக்கத்து ஜனங்களாகிய உங்களுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. அயர்லாந்து தேசத்தில் டப்ளின் துறைமுகப் பட்டணத்தில் மாத்யூ டால்பட் என்று ஒரு தொழிலாளி இருந்தார். 1856-ல் பிறந்தவர், சிறுவயதிலேயே குடிக்கு அடிமையாகி, 1884-ல் குடியை விட்டு, மரக்கிடங்கில் கூலி வேலை செய்தார். விவாகம் செய்யவில்லை. தாயார் இறந்தபின் ஓர் அறையில் தனியாய் இருந்து, கூலியில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். 1925-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி ஞாயிறு பூசைக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் விழுந்து மரித்தார். சுற்றி நின்றவர்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. ஐம்பது வருஷத்துக்குப் பின் 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அந்தச் சந்தைச் சுற்றியிருந்த வீடுகளைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஞாயிறு காலை, எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கும்.

இந்த வருஷ விருந்துக்கு வருவோம். குடும்பத்துக்கு ஒரு சீட்டு என்பது கிடையாது. தலைக்கு ஒரு சீட்டு. பந்தலில் குடும்பத்துக்கு ஒரு மேசை என்று பிரிக்காமல் நீளப் பந்தியாய்ப் போடச் சொல்லியிருக்கிறேன். படம் எடுக்கிறவரிடமும் பேசியாயிற்று: ஒருவர் மட்டும் வந்து நின்றாலும் அவருக்கும் படம் உண்டு, அதே அளவில். பங்குக் குடும்பப் பதிவேட்டில் அண்ணன் பெயருக்கடியிலும் அக்காள் பெயருக்கடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தனி ஆட்களுக்கு, அவர்கள் விரும்பினால், தை மாதத்திலிருந்து தனிப் பக்கம் எழுதுகிறேன். பெயர், வேலை, நோய்வாய்ப்பட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் போதும்.

சீட்டுகள் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்தபின் கோவில் பக்கவாசல் அருகில் கிடைக்கும். ஒரே ஒரு சீட்டுக் கேட்கிறவரிடம் “மத்தவங்க எங்கே?” என்று கேட்கக் கூடாதென்று வாலிபர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.